பட்டியலில் இல்லாத பெயர்

(மூன்றாம் ஆண்டு, கருவியியல் துறை)



ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லி நம் பேரவைச் செயலாளர் கேட்டபோது, "கவிதை மூட்டை மூட்டையா வந்துடுச்சுடா, கட்டுரைக்குத்தான் பஞ்சம்" என்றார். எனக்குக் கவிதை வராது, பிழைத்தேன்! நான் எழுதப்போவது ஒரு மெஷினைப் பற்றி. "கிளாஸ்ல படிக்கிறது போதாதா, மலர்லயும் மெஷினா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் என் பெரியப்பாவின் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது வயலில் இறங்கி வேலை செய்பவராக இருந்தால், உங்களுக்கும் சம்பந்தம் உண்டு.

எங்கள் ஊர் திருவாரூர் பக்கம். அப்பா, பெரியப்பா எல்லோரும் கூலிக்கு நடவு, அறுப்பு என்று போகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அந்தப் பத்தாம் வகுப்பு படித்த வருஷம், ஐப்பசி மழையில் பெரியப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. இருமல், இளைப்பு, ராத்திரி ஆனால் குளிர் நடுக்கம். அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை வியாதி. எக்ஸ்ரேயில் நுரையீரலில் கறை தெரிந்தது. சளியில் காசநோய்க் கிருமி தெரியவில்லை. ஆனாலும் காசநோய் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டார். காய்ச்சல் குறையவில்லை. தொடையில் ஒரு கட்டி வேறு கிளம்பியது.

கட்டியைக் கீறிச் சீழை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். "மண்ணில் இருக்கும் சாதாரணக் கிருமி, எடுக்கும்போது கலந்திருக்கும்" என்று ரிப்போர்ட் வந்தது. சாதாரணக் கிருமியா? ஆள் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறார்! கடைசியில் வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே மறுபடியும் சீழை எடுத்து வளர்த்துப் பார்த்து, வேறு பெயர் சொன்னார்கள். நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். கிருமியின் பெயர் பர்க்கோல்டேரியா சூடோமேலை. இரண்டு வாரம் நரம்பு வழியாக ஊசி, அப்புறம் மூன்று மாதம் மாத்திரை. பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். ஆறு ஆடு போச்சு, பெரியம்மாவின் தோடு போச்சு, ஆள் மிஞ்சினார். ஆனால் இன்றுவரை அவரால் குனிந்து நாற்று நட முடியாது.

சரியான மருந்து அதற்கு முன்பும் உலகத்தில் இருந்தது. சரியான பெயர் கிடைக்காததால்தான் அது அவருக்குக் கிடைக்கவில்லை. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லுவேன்: எங்கள் வீட்டில் ஆறு ஆடும் ஒரு ஜோடித் தோடும் இருந்தது!

ரங்கூன் தந்த பெயர்

இந்த நோய் புதுசு இல்லை நண்பர்களே. 1911-இல் ரங்கூன் நகரில் ஆல்ஃபிரெட் விட்மோர் என்ற ஆங்கிலேய மருத்துவரும் அவருடைய உதவியாளர் சி.எஸ். கிருஷ்ணசாமியும் இதைக் கண்டார்கள். 1912-இல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. பிறகு உலகம் அதை "விட்மோர் நோய்" என்று அழைத்தது. கிருஷ்ணசாமி எங்கே போனார்? பட்டியலில் இருந்து விழுந்துவிட்டார்.

இந்தக் கிருமி மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழ்கிறது. காலில் வெட்டுக்காயத்தோடு சேற்றில் இறங்கினால் போதும். மழையிலும் காற்றிலும் மூச்சு வழியாகவும் போகும். சர்க்கரை நோயாளிகளைத்தான் அதிகம் தாக்கும். காசநோய் மாதிரியே வேஷம் போடும். 2016-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 1,65,000 பேருக்கு வருகிறது. அதில் சுமார் 89,000 பேர் இறக்கிறார்கள். தென்னிந்தியாவில் வேலூர், மணிப்பால் மருத்துவர்கள் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். ஆனாலும் எங்கள் ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேருக்கும் தெரியாது.

மெஷினைப் பார்த்த நாள்

போன விடுமுறையில் இன்பிளான்ட் டிரெயினிங்குக்காக ஒரு பெரிய பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். எனக்குக் கொடுத்த வேலை வேக்குவம் பம்ப் பராமரிப்பைக் கவனிப்பது. அந்தப் பம்ப் ஒரு மெஷினோடு இணைந்திருந்தது. ஆள் உயரம் கூட இல்லை. அதன் பெயர் மால்டி டாஃப். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒரு வகை. கிருமியின் பெயரை நிமிஷத்தில் சொல்லிவிடும் என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு இது இருந்திருந்தால் பெரியப்பா இரண்டு மாதம் கிடந்திருப்பாரா!

அதை இயக்கிய அக்கா லேப் டெக்னாலஜி டிப்ளமோ முடித்தவர். என் ஆர்வத்தைப் பார்த்து வேலையைக் காட்டினார். தட்டில் ஒரு நாள் வளர்ந்த கிருமிக் கூட்டத்தில் கொஞ்சத்தைக் குச்சியால் தொட்டு, ஒரு ஸ்டீல் தகட்டின் சின்ன வட்டத்தில் தேய்த்தார். மேலே ஃபார்மிக் அமிலம் ஒரு சொட்டு. காய்ந்ததும் மேட்ரிக்ஸ் என்ற கரைசல் ஒரு சொட்டு. அதுவும் காய்ந்து படிகமானதும் தகடு உள்ளே போனது. பம்ப் காற்றை உறிஞ்சியது. பிறகு லேசர் அடித்தது.

இனி நடப்பது நம் முதலாமாண்டு பிசிக்ஸ்தான். லேசரின் சக்தியை மேட்ரிக்ஸ் வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. கூடவே கிருமியின் புரதங்களையும் உடையாமல் தூக்கிக்கொண்டு கிளம்புகிறது. அவை மின்னூட்டம் பெற்றவை. உயர் மின்னழுத்தம் அவற்றை ஒரே தள்ளாகத் தள்ளுகிறது. ஒரே தள்ளில் சைக்கிள் பறக்கும், மாட்டுவண்டி நகரும், இல்லையா? அரை எம்வி ஸ்கொயர் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆகவே எடை குறைந்தது முந்தும், எடை கூடியது பிந்தும். நான் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 கிலோ வோல்ட், 1 மீட்டர் குழாய் என்று வைத்துக்கொண்டால், 5,000 டால்டன் எடையுள்ள புரதம் சுமார் 36 மைக்ரோ செகண்டில் மறுமுனைக்கு வரும். 20,000 டால்டன் புரதத்துக்கு 72 மைக்ரோ செகண்ட் ஆகும். எடை நாலு மடங்கு, நேரம் இரண்டு மடங்கு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த சூத்திரம் ஒரு நோயாளிக்காக வேலை செய்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வந்து சேர்ந்த புரதங்களின் எடைகள் திரையில் கோடு கோடாக நிற்கும். பெரும்பாலும் 2,000 முதல் 20,000 டால்டன் வரை. அவற்றில் பல, செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் பட்டறையான ரைபோசோமின் உதிரி பாகங்கள். ஒவ்வோர் இனத்துக்கும் கோடுகளின் வரிசை ஒரு கைரேகை மாதிரி. கம்ப்யூட்டர் தன்னிடம் உள்ள கைரேகைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்கிறது.

இந்த இடத்தில் ஒரு மனிதரைச் சொல்லாமல் போக முடியாது. புரதத்தை உடைக்காமல் லேசரால் கிளப்பலாம் என்று காட்டியதற்காக 2002-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர் ஜப்பானின் கோய்ச்சி தனகா. படித்தது எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் பட்டம். டாக்டர் பட்டம் கிடையாது. கியோட்டோவில் உள்ள ஷிமாட்ஸு கருவிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். உலோகத் தூளில் தவறுதலாகக் கிளிசரினைக் கலந்துவிட்டு, வீணாக்க வேண்டாமே என்று அதையே சோதித்துப் பார்த்தாராம்! இன்று லேப்களில் புழங்கும் மேட்ரிக்ஸ் முறையை வளர்த்தவர்கள் ஜெர்மனியின் ஃபிரான்ஸ் ஹில்லன்காம்ப்பும் மிக்கேல் காரஸும். அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆனாலும் கருவி படிக்கிற நமக்குத் தனகாவின் பெயர் தெம்பு தருகிறது.

நெருங்கிய சொந்தம், பெரிய சிக்கல்

நான் அக்காவிடம் கேட்டேன்: "எங்க பெரியப்பாவுக்கு வந்த கிருமியையும் இது சொல்லிடுமாக்கா?"

அக்கா சிரிக்கவில்லை. "தம்பி, இந்த மெஷினுக்குக் கிருமியைத் தெரியாது. லிஸ்ட்டைத்தான் தெரியும். லிஸ்ட்ல அந்தப் பேரு இல்லன்னா பக்கத்து வீட்டுக்காரன் பேரைச் சொல்லும்" என்றார்.

இந்த ஒரு வாக்கியம்தான் நண்பர்களே, நான் இந்தக் கட்டுரை எழுதக் காரணம்.

சூடோமேலைக்கு ஒரு நெருங்கிய சொந்தம் உண்டு. பர்க்கோல்டேரியா தாய்லாந்தென்சிஸ். அதுவும் ஈரமண்ணில் வாழ்வது. 1998 வரை அதற்குத் தனிப் பெயரே கிடையாது. இரண்டையும் ஒன்றாகவே எண்ணினார்கள். ஆனால் குணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒன்று ஆளைக் கொல்லும். மற்றது மனிதனுக்கு நோய் தருவது மிக அபூர்வம். புரதத்திலோ ஒட்டிப் பிறந்தவை மாதிரி. பெரும்பாலான கோடுகள் ஒரே இடத்தில் நிற்கும். ஒரு சிலதான் தள்ளி நிற்கும். ஒரு புரதத்தில் கிளைசினுக்குப் பதில் அலனின் வந்தால் எடை 14 டால்டன் கூடும், அவ்வளவுதான். அந்தச் சின்ன நகர்வில்தான் பெரியப்பா மாதிரி ஒருவரின் உயிர் இருக்கிறது.

பட்டியலில் சூடோமேலையின் ரேகை இருந்தால் அந்த நகர்வைக் கண்டுபிடிக்கலாம். இல்லாவிட்டால்? 2012-இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். கம்பெனி கொடுத்த பட்டியலில் அந்தப் பெயர் இல்லாததால், மெஷின் சூடோமேலையைத் தாய்லாந்தென்சிஸ் என்றது. சூடோமேலையின் ரேகைகளைத் தாங்களே சேர்த்த பிறகு சரியாகச் சொன்னது. மெஷின் அதேதான், லேசர் அதேதான். மாறியது பட்டியல் மட்டும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள் எங்கள் ஊரில். சரியான பெயர் இல்லாத பட்டியலில் பக்கத்துப் பெயர்தான் சர்க்கரை!

இவ்வளவு பேரைக் கொல்லும் கிருமியின் பெயர் ஏன் விட்டுப்போனது? இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. பணக்கார நாடுகள் இதை உயிரியல் ஆயுதமாகக்கூடிய கிருமி என்று பார்த்தன. 2012-இல் அமெரிக்கா இதை மிக ஆபத்தான கிருமிகளின் முதல் அடுக்கில் வைத்தது. இப்படிப்பட்ட கிருமிகளின் ரேகைகளைப் பொதுப் பட்டியலில் சேர்க்காமல், பாதுகாப்புக்கான தனிப் பட்டியலில் வைத்திருந்தார்கள். அங்கே அது அபூர்வமான ஆயுதம். இங்கே அது சேற்றில் கிடக்கும் நோய். பட்டியல் யார் கையில் இருக்கிறதோ, அவர்களுடைய பயம்தான் பட்டியலில் இருக்கும். நம்முடைய காய்ச்சல் இருக்காது.

இது இந்த ஒரு ஜோடியோடு முடியவில்லை. எல்லோர் குடலிலும் வாழும் ஈ. கோலையும், ரத்த பேதி தரும் ஷிகெல்லாவும் இந்த மெஷினுக்கு அநேகமாக ஒன்றுதான். இவை மரபுப்படியே ஒரே குடும்பம் என்பதால் பட்டியலைப் பெரிதாக்கினாலும் பிரிப்பது கஷ்டம். நிமோனியா தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸையும், வாயில் சும்மா குடியிருக்கும் அதன் சொந்தக்காரன் மைட்டிஸையும் குழப்பிக்கொள்வதும் உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் பழைய கைச் சோதனைகளைத்தான் இன்றும் நம்புகிறார்கள்.

என் கருத்து

"அப்போ மெஷினே வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். வேண்டும்! பழைய முறையில் தட்டில் வளர்ந்த பிறகும் பெயர் வர இன்னும் ஒரு நாள், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். இது நிமிஷத்தில் சொல்கிறது. பெரும்பாலான கிருமிகளுக்குச் சரியாகவே சொல்கிறது. ரத்தத்தில் கிருமி கலந்து கிடப்பவருக்கு ஒரு நாள் என்பது சின்ன விஷயமா? பெரியப்பாவைக் கைவிட்ட முதல் ரிப்போர்ட்டும் மனிதர் கையால் செய்ததுதானே! ஆகவே என் சண்டை மெஷினோடு இல்லை. "மெஷினே சொல்லிடுச்சு, அப்புறம் என்ன?" என்ற மனசோடுதான். இதற்கு மூன்று காரியங்கள் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒன்று: பெயரை மட்டும் படிக்காமல் மார்க்கையும் படிக்க வேண்டும். பரவலாகப் புழங்கும் ஒரு வகை மெஷினில் 2.0-க்கு மேல் வந்தால் இனம் வரை நம்பலாம், 1.7-இலிருந்து 2.0-க்குள் வந்தால் பேரினம் மட்டும், அதற்குக் கீழே நம்பாதே என்று ஒரு கணக்கு உண்டு. ஆனால் நெருங்கிய சொந்தமாக இருந்தால் தப்பான பெயருக்கும் நல்ல மார்க் வரலாம். அதனால் அடுத்தடுத்த பெயர்களையும் பார்க்க வேண்டும். வயலில் வேலை செய்யும் சர்க்கரை நோயாளியின் சீழில் "தாய்லாந்தென்சிஸ்" என்று வந்தால், சந்தேகம் மணியடிக்க வேண்டும்.

இரண்டு: பழைய சோதனைகளை மறக்கக் கூடாது. ஆக்சிடேஸ் சோதனையில் நிறம் மாறுகிறதா, ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காமல் கோஆமாக்சிக்ளாவுக்கு அடங்குகிறதா என்று மூன்று மருந்து வில்லைகளை வைத்துப் பார்த்தாலே இந்தக் கிருமியைச் சந்தேகிக்கலாம். அராபினோஸ் சர்க்கரையைத் தாய்லாந்தென்சிஸ் தின்னும், சூடோமேலை தின்னாது. சூடோமேலைக்கென்றே லேட்டக்ஸ் சோதனையும் உண்டு. எல்லாம் மால்டி டாஃப் விலைக்கு முன்னால் தூசு. என் பெரியப்பாவைக் காப்பாற்றியதும் இப்படி ஒரு டெக்னீஷியனின் சந்தேகமும் சில வில்லைகளும்தான்.

மூன்று: நம் ஊர்க் கிருமிகளின் ரேகைகள் பட்டியலில் ஏற வேண்டும். ஹாங்காங்கில் செய்ததை நம் மருத்துவக் கல்லூரிகள் செய்ய முடியாதா? ஏற்கெனவே சேர்த்திருக்கும் இடங்கள் மற்றவர்களுக்கும் கொடுக்கட்டும். கம்பெனிகளும் பட்டியலை அவ்வப்போது புதுப்பிக்கின்றன. ஆனால் நம் லேபில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று தெரிந்து வைத்திருப்பவர் எத்தனை பேர்?

"இதெல்லாம் டாக்டருங்க சமாசாரம், டிப்ளமோக்காரனுக்கு என்ன?" என்று சில நண்பர்கள் கேட்டார்கள். யோசித்துப் பாருங்கள். தகட்டில் தேய்ப்பது யார்? பம்பைப் பார்ப்பது யார்? காலையில் தெரிந்த கிருமியை வைத்துக் காலிபரேஷன் சரிபார்ப்பது யார்? தகட்டைச் சரியாகக் கழுவாவிட்டால் நேற்றைய நோயாளியின் கிருமி இன்றைய ரிப்போர்ட்டில் வந்து உட்காரும். அதைத் தடுப்பது யார்? எல்லாம் நாம்தான். நம் உடம்புக்கும் இதில் ஆபத்து இருக்கிறது. "தட்டைத் திறந்து மோந்து பார்க்காதே தம்பி" என்று அக்கா முதல் நாளே சொன்னார். தப்பான பெயர் வந்து, சாதாரணக் கிருமிதானே என்று மேஜையில் திறந்து வைத்தால் அடுத்த நோயாளி நாமாகவும் இருக்கலாம்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொன்னது கண்ணுக்கும் காதுக்கும் மட்டுமல்ல, மெஷினுக்கும்தான். நமக்குக் கருவியை இயக்கச் சொல்லித் தருகிறார்கள். கருவி எங்கே தடுமாறும் என்பதையும் சொல்லித் தரட்டும். இதை நம் பேரவை துறைத் தலைவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று இந்த மலர் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வகுப்பு போதும்; ஒரு தப்பு ரிப்போர்ட் குறைந்தால் அதன் பலன் ஒரு குடும்பத்துக்கு.

டிரெயினிங் முடிந்து ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் எல்லாக் கதையும் சொன்னேன். மெலியாய்டோசிஸ் என்று அவர் வாயில் நுழையாது. ரங்கூன் கதையைக் கேட்டதிலிருந்து அவருக்கு அது "ரங்கூன் காச்சல்". கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுவிட்டு, "ஏன்டா, அந்த மெஷினு லிஸ்டுல நம்ம காச்சலைச் சேர்த்துட்டாங்களா?" என்றார்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நண்பர்களே, நாளை நீங்கள் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே இந்த மெஷின் நின்றால், முதல் நாளே யாரிடமாவது இதே கேள்வியைக் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் பழைய வில்லைகளை எடுத்து வையுங்கள்.